பழைய லெதர் ஜாக்கெட்டின் லைனிங்கைச் சுத்தம் செய்து வாடை நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இன்னொருவர் பல ஆண்டுகள் உடுத்திய லெதர் ஜாக்கெட் கைக்கு வந்ததும் எல்லோரும் அதன் வெளித்தோலைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். கீறல் இருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா, ஜிப் தடையின்றி ஓடுகிறதா என்று சோதிக்கிறார்கள். உடம்பில் படப்போவதோ உள்ளே தைத்திருக்கும் லைனிங் துணி. முன்னவரின் வியர்வை, சென்ட், சிகரெட் புகை, அலமாரியின் மக்கல் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். தோலுக்கு எவ்வளவு மெருகு ஏற்றினாலும் லைனிங் நாறினால் அந்த ஜாக்கெட் ஆணியில்தான் தொங்கும். நல்ல தோல் அப்படி வீணாவதை என் மனம் பொறுப்பதில்லை. பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான ஜாக்கெட்டுகளை வீட்டிலேயே மீட்டுவிடலாம்.

சிக்கல் முழுவதும் ஓரிடத்தில் இருக்கிறது. அழுக்கை எடுக்கத் துணிக்குத் தண்ணீர் வேண்டும். அதன் முதுகில் ஒட்டிக் கிடக்கும் தோலுக்குத் தண்ணீர் ஆகாது. தோலைப் பதனிடும்போது அதன் நார்களுக்கிடையே எண்ணெய் ஏற்றுவார்கள். தோல் வளைந்து கொடுப்பது அந்த எண்ணெயால்தான். நனைந்த தோல் காயும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி, விறைத்து, சுருங்கிப்போகும். தோலின் சாயம் கரைந்து லைனிங்கில் இறங்குவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு குறைந்த ஈரத்தில் இதை முடிக்கலாம்?

முதலில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்

வாங்கி வந்த ஜாக்கெட்டை மற்ற துணிகளோடு தொங்கவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் லைனிங்கின் தையல் ஓரங்கள், காலரின் அடிப்பகுதி, பைகளின் மூலைகள் ஆகியவற்றை விரித்துப் பாருங்கள். மையால் புள்ளி வைத்ததுபோன்ற கரும்புள்ளிகளும் துருநிறக் கறைகளும் மூட்டைப்பூச்சியின் அடையாளம். கம்பளி லைனிங்கில் சிறு ஓட்டைகளும் மணல்போன்ற துகள்களும் இருந்தால் அந்துப்பூச்சியின் புழு தின்றிருக்கிறது என்று பொருள்.

சந்தேகம் இருந்தால் ஜாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக்கமாக மூடி ஃப்ரீசரில் வையுங்கள். மூட்டைப்பூச்சிக்கு மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் குறைந்தது 4 நாட்கள் வேண்டும். அந்துப்பூச்சிக்கு 2 வாரம் விட்டுவைப்பது நல்லது. வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் தோல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை அப்படியே இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தோலின்மீது நீராகப் படியும். ஃப்ரீசரில் வைத்தால் வாடையும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நடக்காது. வாடையை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குளிரில் உறங்கிக் கிடந்து, உடம்புச் சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும்.

லைனிங் என்ன துணி?

இது தெரியாமல் ஈரத் துணியைக் கையில் எடுக்கக் கூடாது. உட்பையின் ஓரத்திலோ பக்கத் தையலிலோ தைத்திருக்கும் பராமரிப்புச் சீட்டில் தோலுக்குத் தனியாகவும் லைனிங்குக்குத் தனியாகவும் பொருளைக் குறிப்பிட்டிருப்பார்கள். சீட்டு இல்லாவிட்டால், பையின் உட்புறத்திலோ கீழ்மடிப்பின் தையல் ஓரத்திலோ இரண்டு மூன்று நூல்களைக் கத்தரித்து எடுங்கள். ஒரு நூலைப் பீங்கான் தட்டில் வைத்து, அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரில் ஒரு சொட்டு விடுங்கள். நூல் பசையாகக் கரைந்தால் அது அசிட்டேட், அதாவது பட்டுபோல் மின்னும் ஒரு செயற்கைத் துணி. இந்தச் சோதனையை ஜாக்கெட்டின்மீது நேரடியாகச் செய்யக் கூடாது. அசிட்டோன் அசிட்டேட் துணியை ஓட்டையாக்கிவிடும். தோலின் மேற்பூச்சையும் உரித்துவிடும்.

கரையாவிட்டால் அசிட்டோன் பாட்டிலை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மற்றொரு நூலை இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் ரேயான். உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் அல்லது நைலான். முடி கருகும் வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி.

பாலியஸ்டரும் நைலானும் உறுதியானவை, நுரையையும் லேசான தேய்ப்பையும் தாங்கும். ஆனால் உடம்பின் எண்ணெய்ப்பசை பாலியஸ்டரில் விடாப்பிடியாக ஒட்டும். வியர்வை நாற்றம் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். அந்த நிலையில் தேய்த்தால் நெசவு விலகி, தையலோரம் வாய் பிளக்கும். அசிட்டேட்டும் ஈரத்தில் பலவீனமானது. தண்ணீர் பட்ட இடத்தில் வளையக் கறை விழும். பட்டும் அப்படியே. விலையுயர்ந்த பட்டு லைனிங்கை வீட்டில் நனைக்காமல் விடுவதே என் யோசனை.

பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த லைனிங் என்றால் மேல்துணி எதுவானாலும் ஈரத்தை இன்னும் குறையுங்கள். உள்ளே போன தண்ணீர் நாட்கணக்கில் காயாது. ரோமத்தோடு பதனிட்ட ஆட்டுத்தோல் ஜாக்கெட்டுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அதில் லைனிங் என்று தனியாக எதுவும் இல்லை, உள்ளே தெரியும் ரோமம் அந்தத் தோலிலேயே முளைத்தது. மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுகள் சிலவற்றில் லைனிங்கை ஜிப்பைத் திறந்து கழற்ற முடியும். அப்படியென்றால் பாதி வேலை மிச்சம். கழற்றி, சீட்டில் சொன்னபடி துவைத்துவிடுங்கள்.

எந்த வாடை, எங்கிருந்து?

வாடையின் வகை தெரிந்தால் மருந்தும் தெரியும். அக்குள், முதுகின் மேற்பகுதி, காலர் ஆகிய இடங்களில் புளித்த வீச்சம் இருந்தால் வியர்வை. உடலிலிருந்து புதிதாக வரும் வியர்வைக்கு ஏறக்குறைய மணமே இல்லை. பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களே நாறுகின்றன. ஜாக்கெட் முழுவதும் ஒரே அளவில் கசந்த நெடி அடித்தால் சிகரெட். மழைக்காலத்து மூடிய அறையின் மக்கல் வாடை என்றால் பூஞ்சை. மூக்கைக் குத்தும் அந்துருண்டை நெடிக்குக் கழுவலே தேவையில்லை. நாப்தலீன் திடநிலையிலிருந்து நேரடியாக ஆவியாகக் கூடியது. நிழலில் நல்ல காற்றோட்டத்தில் சில வாரம் தொங்கினால் தானாகப் போய்விடும்.

ஜாக்கெட்டுக்குள் தலையை விட்டு முகர்ந்தால் இரண்டு நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். அதற்குப் பதில், நன்றாகப் பிழிந்த ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வோர் இடத்திலும் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, அந்தத் துணியைத் தள்ளிப்போய் முகருங்கள். அழுக்கு எவ்வளவு, சாயம் ஒட்டுகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். சிவப்பு, கருநீல சாட்டின் லைனிங்குகள் சாயம் விடக் கூடியவை. மறைவான இடத்தில் ஒரு நிமிடம் அழுத்தியும் வெள்ளைத் துணியில் நிறம் ஏறாவிட்டால் மட்டுமே நுரை வேலைக்குப் போகலாம்.

ஈரம் படுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பைகள் எல்லாவற்றையும் வெளியே இழுங்கள். டிக்கெட் துண்டு, புகையிலைத் தூள், மிட்டாய்ப் பிசின் என்று பைகளின் மூலைகளில் ஒரு வாழ்க்கையே கிடக்கும். பையின் துணி கிழிந்திருந்தால் அதற்குள் விரலை விட்டு, லைனிங்குக்கும் தோலுக்கும் இடையே கீழ்மடிப்பு வரை துழாவிப் பாருங்கள். நாணயங்களும் நைந்த காகிதக் கைக்குட்டைகளும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். பையின் துணி பெரும்பாலும் பருத்தி. வெளியே இழுத்த நிலையில் அதை மட்டும் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கிக் கசக்கி, உலர்ந்த துண்டில் பிழிந்துவிடலாம்.

அடுத்து, ஜாக்கெட்டின் கைகளைக் கைமுனையில் பிடித்து மெல்ல உள்ளே இழுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். வெடிப்பு விழுந்த பழைய தோல் திரும்ப மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். முன்பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டே வேலையை முடிக்கலாம். வாக்குவம் கிளீனரின் முனையில் பழைய நைலான் காலுறையைக் கட்டி, குறைந்த இழுவிசையில் தையலோரங்களையும் கீழ்மடிப்பையும் இழுத்தெடுங்கள். காலுறை இல்லாவிட்டால் மெல்லிய லைனிங் குழாய்க்குள் போய்க் கிழியும்.

பிறகு 2 நாள் காற்றாட விடுங்கள். அகலமான ஹேங்கரில், உள்பக்கம் வெளியே தெரியும்படி, நிழலில், மின்விசிறி ஓடும் இடத்தில் தொங்கட்டும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கழுவ உட்காருகிறார்கள். தவறு அது. லேசான சென்ட் வாடையும் அலமாரி வாடையும் இந்த 2 நாளிலேயே போய்விடுவது உண்டு. கழுவாமல் முடிந்தால் தோலுக்கு அதைவிட நன்மை வேறில்லை. வெயிலில் மட்டும் போடாதீர்கள். தோல் வறண்டு நிறம் மங்கும்.

கைக்குள் ஒரு மறைவாசல்

லைனிங்கின் மேற்பரப்பைத் துடைத்த பிறகும் வாடை திரும்பி வருகிறது என்றால், அது லைனிங்கின் பின்புறத்திலும் தோலின் உட்பக்கத்திலும் இருக்கிறது. வியர்வை லைனிங்கைக் கடந்து தோலின் சொரசொரப்பான உட்பக்கத்தில் ஊறி, அங்கே காய்ந்திருக்கும். அந்த இடத்தை எட்ட ஒரு வழி உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை.

தொழிற்சாலையில் தைக்கும் ஜாக்கெட்டுகள் பலவற்றில், தோலையும் லைனிங்கையும் உள்வெளியாக வைத்துச் சுற்றிலும் தைத்துவிட்டு, ஒரு கையின் லைனிங் தையலில் விட்ட இடைவெளி வழியாக மொத்தத்தையும் வெளியே திருப்பி, கடைசியில் அந்த இடைவெளியை மூடுவார்கள். கையை உள்பக்கம் திருப்பி லைனிங்கின் நீளத் தையலைப் பாருங்கள். மற்ற இடங்களில் தையல் நூல் கண்ணுக்குத் தெரியாது. மூடிய இடத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு ஓரத்தை மடித்து மேலாகத் தைத்தது தெரியும். அதுதான் வாசல். எல்லா ஜாக்கெட்டிலும் இருக்காது. சிலவற்றில் கீழ்மடிப்பில் லைனிங் ஒட்டாமல் தொங்கும், அங்கே வேலை இன்னும் சுலபம்.

தையல் பிரிக்கும் கருவியால் அந்தப் பகுதியை மட்டும் பிரியுங்கள். தோல் மென்மையாக இருந்தால் அந்த வழியாக ஜாக்கெட்டை முழுதாக வெளியே எடுக்கலாம். முடியாவிட்டாலும் கையை விட்டு அக்குள் வரை எட்டலாம். தோலின் உட்பக்கத்தில் படிந்த பஞ்சையும் தூளையும் உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். இந்த வாசல் இன்னொரு வகையிலும் உதவும். தோலுக்கு மேல் ஒரு பாலிதீன் தாள், அதற்கு மேல் உலர்ந்த வெள்ளைத் துண்டு, அதற்கு மேல் லைனிங் என்று அடுக்கிவிட்டால், நுரை வேலையின்போது இறங்கும் ஈரத்தைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைத் தாள் தடுத்துவிடும். வேலை முடிந்து எல்லாம் காய்ந்த பிறகு, அதே நிற நூலால் ஓரத்தை மடித்துக் கையாலேயே தைத்து மூடிவிடலாம். துணியோடு துணியைத் தைப்பதால் தோலில் புதிய துளை விழாது.

நுரை வேலை

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவ டிடர்ஜென்ட் கலக்குங்கள். கம்பளி, பட்டுத் துணிகளுக்கென்று விற்கும் நடுநிலை வகை மட்டுமே ஏற்றது. சாதாரண சலவைத்தூளும் சோப்பும் காரத்தன்மை உள்ளவை. குரோம் உப்புகளால் பதனிட்ட தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. ஆடைகளுக்குப் பயன்படும் தோலில் பெரும்பகுதி இந்த வகை. காரம் அதற்குப் பகை. கலவையை முட்டை அடிக்கும் கரண்டியால் நன்றாக அடித்து நுரை எழுப்புங்கள். நமக்கு வேண்டியது நுரை மட்டுமே, அடியில் நிற்கும் தண்ணீர் வேண்டாம்.

பிழிந்த ஸ்பாஞ்சில் நுரையை வழித்து எடுத்து, ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை உள்ள முழுத் துண்டத்தையும் ஒரே மூச்சில் துடையுங்கள். கறை இருக்கும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தினால், ஈரம் நின்ற எல்லையில் அழுக்கு ஒதுங்கி வளையமாகக் காயும். எல்லை தையலில் போய் முடிந்தால் வளையம் கண்ணுக்குத் தெரியாது. வட்டமாகத் தேய்க்க வேண்டாம். நெசவின் போக்கிலேயே நீளவாக்கில் லேசாக இழுங்கள். விஸ்கோஸ், அசிட்டேட் என்றால் இழுப்பதும் கூடாது, அழுத்தி எடுப்பது மட்டுமே.

முன்பக்க ஓரங்களில் தோல் பட்டைகள் லைனிங்கோடு இணையும் இடத்தில் நுரை தோலில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். காலரின் உட்பக்கம் பல ஜாக்கெட்டுகளில் தோலாகவே இருக்கும். கழுத்தின் எண்ணெய்ப்பசை கறுத்துப் பிடித்த அந்த இடத்துக்கு லெதர் கிளீனர்தான் ஏற்றது, இந்த நுரை ஏற்றதல்ல.

நுரை போட்ட துண்டத்தைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து எடுங்கள். டிடர்ஜென்ட் மிஞ்சினால் அதுவே பிசுபிசுப்பாகி அடுத்த அழுக்கைப் பிடிக்கும். உடனே உலர்ந்த துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே அடுத்த துண்டத்துக்குப் போக வேண்டும். ஜாக்கெட் முழுவதற்கும் நுரை போட்டுவிட்டுக் கடைசியில் துடைக்கலாம் என்று நினைத்தால், அதற்குள் தோல் குடித்துவிடும். முதுகின் கீழ்ப்பகுதியில் தொடங்கினால் துணி எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். அழுக்கு மிகுந்த அக்குளைக் கடைசிக்கு வையுங்கள். கிண்ணத்துத் தண்ணீர் சாம்பல் நிறமானால் தயங்காமல் மாற்றுங்கள்.

பஞ்சு வைத்த லைனிங்குக்கு நுரை போடுவதைவிட, அடுத்துச் சொல்லப்போகும் ஆல்கஹாலைப் பனிபோல் தெளித்துத் துண்டால் ஒற்றுவது பாதுகாப்பானது.

அக்குளுக்குத் தனிக் கவனம்

இங்கே படிந்திருப்பது வியர்வை மட்டுமல்ல. வியர்வையைத் தடுக்கப் பூசிக்கொள்ளும் பொருட்களின் அலுமினிய உப்பும் சேர்ந்து, துணியை விறைப்பாக்கி மஞ்சளிக்க வைத்திருக்கும். விறைத்த இடத்துக்கு, 5 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்கும் தண்ணீர் நான்கு பங்கும் கலந்து, துணியில் தொட்டு ஒற்றி, 10 நிமிடம் விட்டு, மறுபடி நுரையால் துடைத்து எடுங்கள். உப்பு இளகிவரும்.

வினிகர் எல்லா வாடைக்கும் மருந்து என்று சொல்வதை நம்ப வேண்டாம். வியர்வையின் புளிப்பு நாற்றமே அமிலத்தால் வருவது. இன்னோர் அமிலத்தால் அதை முறிக்க முடியாது. முறிக்கக் கூடிய காரமோ தோலுக்கு ஆகாது. ஆகவே வியர்வை நாற்றத்துக்கு எண்ணெய்ப்பசையை டிடர்ஜென்டால் எடுத்துவிட்டு, மிஞ்சிய பாக்டீரியாவை ஆல்கஹாலால் கொல்வதே வழி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இதற்குச் சரியான அளவு. அதைவிட அடர்த்தியானது இன்னும் வலுவாகக் கொல்லும் என்று தோன்றலாம். உண்மையில் பாக்டீரியாவின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். நாடகக் குழுக்களின் உடைப் பொறுப்பாளர்கள், துவைக்க முடியாத கனமான உடைகளின்மீது காட்சிகளுக்கு இடையே ஓட்காவைத் தண்ணீரோடு கலந்து தெளிப்பதும் இந்த வேதியியலை நம்பித்தான்.

ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்து, துணி நனையாமல் ஈரப்பதம் மட்டும் ஏறும்படி லைனிங்கில் தெளியுங்கள். வெளித்தோலில் படக் கூடாது. ஆல்கஹால் தோலின் சாயத்தையும் மேற்பூச்சையும் கரைக்கும். சில சாயங்கள் தண்ணீரில் அசையாமல் நின்று ஆல்கஹாலில் கரைந்து ஓடும், எனவே மறைவான இடத்தில் தனியாக ஒரு சோதனை அவசியம். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

குளோரின் பிளீச் இந்த வேலையில் எங்கும் வரக் கூடாது. துணியையும் தோலையும் அரிப்பதோடு, வினிகரோடு சேர்ந்தால் நச்சு வாயுவை வெளியிடும்.

புகை, பூஞ்சை, பூனை

சிகரெட் நெடிக்கு வினிகர் உண்மையிலேயே பயன்படும். நிகோடின் காரத்தன்மை உடையது. அமிலம் பட்டதும் தண்ணீரில் எளிதாகக் கரையும் உப்பாக மாறி, துடைக்கும் துணியோடு வந்துவிடும். மேலே சொன்ன வினிகர்த் தண்ணீரை லைனிங் முழுவதும் துண்டம் துண்டமாகத் துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணியால் எடுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். புகை தோலிலும் ஏறியிருக்கும் என்பதால், வெளித்தோலை லெதர் கிளீனரால் துடைக்காமல் விட்டால் லைனிங்குக்குப் பட்ட பாடு வீண்.

பூஞ்சை என்றால் வேலையை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் வேண்டும். உலர்ந்த நிலையில் பிரஷால் தட்டி, லைனிங்கை ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். வெண்படலமாக இருந்தால் போய்விடும். கரும்புள்ளிகள் துணியின் நூலுக்குள்ளேயே ஏறியிருந்தால் கறை போகாது, வாடையும் முழுதாகப் போகாது. லைனிங்கை மாற்றுவதுதான் முடிவு.

பூனை சிறுநீர் கழித்த ஜாக்கெட்டுக்கு என்சைம் கிளீனர் வாங்கச் சொல்வார்கள். லைனிங் பாலியஸ்டரோ பருத்தியோ என்றால், பாலிதீன் தடுப்பு வைத்துப் பயன்படுத்தலாம். பட்டு, கம்பளி லைனிங்கில் வேண்டாம். அந்தத் திரவங்கள் பலவற்றில் புரதத்தை அறுக்கும் என்சைம் இருக்கிறது. பட்டும் கம்பளியும் தோலும் புரதங்களே.

சமையல் சோடாவைத் தூவும் யோசனையைப் பலர் சொல்கிறார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. தூள் தையலுக்குள்ளும் பஞ்சுக்குள்ளும் போய்த் தங்கிவிடும். பிறகு வியர்வையின் ஈரம் பட்டால் காரமாகத் தோலைத் தொடும். சோடாவோ ஆக்டிவேட்டட் கரியோ, திறந்த கிண்ணத்தில் இட்டு, மூடியுள்ள பெரிய பெட்டிக்குள் முழுதாகக் காய்ந்த ஜாக்கெட்டோடு, அதைத் தொடாமல் வையுங்கள். கரிதான் இரண்டில் சிறந்தது. அதன் நுண்துளைகள் வாடை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள், கரியையும் புதிதாக மாற்றுங்கள். புகை வாடைக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். வாடை போக்க ஓசோன் வாயுவை வெளியிடும் கருவியை மட்டும் தவிருங்கள். அது தோலையும் ரப்பர் பட்டைகளையும் கெடுக்கும், நுரையீரலுக்கும் தீங்கு.

காய வைப்பது

உள்பக்கம் வெளியே தெரியும்படி, தோள் அகலத்துக்குத் தடித்த ஹேங்கரில் மாட்டுங்கள். கம்பி ஹேங்கர் ஈரத் தோளில் பள்ளம் விழச் செய்யும். கைகளுக்குள் சுருட்டிய வெள்ளைத் துண்டுகளைத் திணித்தால் உள்ளிருந்தும் ஈரம் இறங்கும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். மின்விசிறிக் காற்று நேராகப் படட்டும். ஹேர் டிரையர், ஹீட்டர், துணி உலர்த்தும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி எதுவும் அருகில் வரக் கூடாது. ஈரமான தோல் சூட்டில் சுருங்கினால் மறுபடி நீளாது.

ஒரு நாள் கழித்து வெளிப்பக்கம் திருப்பி இன்னொரு நாள். காய்ந்துவிட்டதா என்று அறியப் புறங்கையை அக்குள் லைனிங்கில் வையுங்கள். அறையைவிடக் குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏசி ஓடும் அறையில் காய வைப்பது நல்லது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால், சுத்தம் செய்த ஜாக்கெட்டிலேயே புதிய பூஞ்சை முளைக்கும்.

வாடை கொஞ்சம் மிஞ்சியிருந்தால் ஒரு வாரம் இடைவெளி விட்டு இன்னொரு சுற்று செய்யலாம். ஒரே நாளில் இரண்டு சுற்று வேண்டாம்.

லைனிங்கையே மாற்ற வேண்டியபோது

தொட்டால் நைந்து கிழியும் துணி, நூலில் ஏறிய கரும்பூஞ்சை, இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் போகாத நாற்றம்: இவற்றில் எது இருந்தாலும் நல்ல தையற்காரரிடம் புது லைனிங் போடச் சொல்லுங்கள். பழையதைப் பிரித்துத் துவைத்து மறுபடி தைக்கலாம் என்று தோன்றும். விஸ்கோஸும் பருத்தியும் துவைத்ததும் சுருங்கி அளவு பொருந்தாமல் போகலாம். கழற்றிய லைனிங்கைப் புதியதற்கு வெட்டு அளவாகப் பயன்படுத்துவதே மேல். தோலில் ஊசி போட்ட துளை மூடிக்கொள்ளாது. எனவே பழைய துளைகளிலேயே தைக்கவோ, தோலோடு இணைந்த பழைய லைனிங்கின் குறுகிய ஓரத்தை விட்டுவைத்து அதில் புதியதை இணைக்கவோ சொல்லுங்கள். லைனிங் இல்லாத அந்த இடைவேளை அரிதான வாய்ப்பு. தோலின் உட்பக்கத்தை முழுதாகத் துடைத்து, சில நாள் காற்றாட விட்டுவிடுங்கள். புதிய துணியாக விஸ்கோஸ் அல்லது குப்ரோ (பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்து செய்யும் துணி) கேளுங்கள். இரண்டும் வியர்வையை உறிஞ்சி வெளியே விடும், பாலியஸ்டரைப்போல் நாற்றத்தைப் பிடித்து வைக்காது.

மறுபடி உடுத்துவதற்கு முன்

எல்லாம் காய்ந்த பிறகு வெளித்தோலுக்கு லெதர் கண்டிஷனரை மெல்லிய படலமாகப் பூசி, ஒரு நாள் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். லைனிங்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; எண்ணெய்க் கறை துணியில் நிரந்தரமாகும். இனி ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஓர் இரவு வெளியே தொங்கவிட்டே அலமாரிக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தி உறை போதும்.

வாடை வெறும் அறையில் தெரியாமல், உடுத்தி உடம்பு சூடான பிறகு மட்டும் கிளம்பினால், அது தோலின் உட்பக்கத்தில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அப்போது லெதர் சலவையில் தேர்ந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். சாதாரண டிரை கிளீனிங் வேண்டாம். அதில் பயன்படும் பெர்குளோரோஎதிலீன்போன்ற கரைப்பான்கள் அழுக்கோடு தோலின் எண்ணெயையும் உறிஞ்சிவிடும். கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தோல் ஆடைகளை நீங்களே சுத்தம் செய்கிறீர்களா, வேறிடத்துக்கு அனுப்புகிறீர்களா? சுத்தம் செய்த பிறகு எண்ணெயைத் திரும்ப ஏற்றுவீர்களா? நிறம் எவ்வளவு மாறக்கூடும்? லைனிங் அசிட்டேட் என்று நூல் சோதனையில் தெரிந்திருந்தால், அதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.